ஊர்ப் பொதுவில் பழமரம்: பலன் யாருக்கு என்ற கேள்வி

ஐப்பசி மழையை ஒட்டித் தமிழ்நாட்டின் ஊர்களில் மரக்கன்று நடுவது இன்று வழக்கமாகிவிட்டது. ஊராட்சி, பள்ளி, வனத்துறை, இளைஞர் மன்றம் என்று நடுபவர்கள் பலர். வேம்பும் புங்கனும் பூவரசும் தாராளமாக நடப்படுகின்றன. மாவும் பலாவும் நெல்லியும் கொய்யாவும் வீட்டுக் கொல்லைக்கும் தனியார் தோப்புக்கும் உரியவை என்று விலக்கப்படுகின்றன. பொது இடத்திலும் பழமரம் வைக்கலாமே என்று கேட்டால் இரண்டு பதில்கள் உடனே வரும். "கன்றை ஆடு மேய்ந்துவிடும்" என்பது ஒன்று. "காய்த்தால் சண்டை வரும்" என்பது மற்றொன்று.

இரண்டும் பட்டறிவிலிருந்து வரும் பதில்கள். முதலாவது காவலைப் பற்றியது. இரண்டாவது பாத்தியதையைப் பற்றியது. கன்று எங்கே கிடைக்கும், குழி எவ்வளவு ஆழம் என்பவற்றுக்கு விடை எளிது. மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்றுவது யார், பழுக்கும்போது பறிப்பது யார் என்பவற்றுக்குத்தான் ஊர்கள் முன்கூட்டி விடை எழுதிவைப்பதில்லை. நம் பழைய ஏற்பாடுகளையும், இன்று நடப்பில் உள்ள வழக்கங்களையும், பிற ஊர்களும் நாடுகளும் செய்து பார்த்ததையும் சேர்த்து நோக்கினால், அந்த விடை எப்படி அமைய வேண்டும் என்பது தெளிவாகிறது.

தோட்ட வாரியம்

பொது மரம் என்ற எண்ணம் நமக்குப் புதிதன்று. அசோகர் தம் ஏழாம் தூண் சாசனத்தில் சாலையோரம் ஆலமரங்கள் நட்டதையும், மாந்தோப்புகள் உண்டாக்கியதையும், கிணறுகள் வெட்டியதையும் சேர்த்தே சொல்கிறார். மனிதருக்கும் கால்நடைக்கும் பயன்படவே அவை செய்யப்பட்டன என்கிறது சாசனம். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாளின் பெயரைத் தென்மாவட்டத்து மக்கள் இன்றும் சாலைகளோடும் சாலையோர மரங்களோடும் சேர்த்தே சொல்கிறார்கள். அரசர் நட்டார், வழிப்போக்கர் உண்டார் என்பது இந்த ஏற்பாடு.

நம் கேள்விக்கு இவற்றைவிட நெருக்கமானவை உத்திரமேரூர்க் கல்வெட்டுகள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும் எழுந்த ஆவணங்கள் அவை. ஊரை 30 குடும்புகளாக, அதாவது பகுதிகளாகப் பிரித்து, குடவோலை முறையில் ஆட்களைத் தேர்ந்து, சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர் என்று அமர்த்தினார்கள். பதவிக்காலம் 360 நாள். முன்பு ஏதேனும் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி தேர்வாக முடியாது.

அந்தச் சபை பிராமணர்களுடையது. நிலமும் வேதக் கல்வியும் உள்ளவர்களுக்கே அதில் இடம் இருந்தது. ஆகவே அதை இன்றைய கிராமசபைக்கு அப்படியே முன்மாதிரியாகக் காட்ட முடியாது. ஆனால் தோட்டத்தைக் கவனிக்கப் பெயர் குறித்த ஆட்கள் வேண்டும், அவர்களுக்குக் காலவரை வேண்டும், கணக்குக் காட்டாதவர் விலக வேண்டும் என்ற தெளிவு பத்தாம் நூற்றாண்டிலேயே கல்லில் ஏறியிருக்கிறது. இன்று நடப்படும் பெரும்பாலான பொதுக் கன்றுகளுக்கு இந்த மூன்றில் ஒன்றும் வாய்ப்பதில்லை.

ஏலம், மரப்பட்டா, அழிகண்மாய்

பொதுச் சொத்தின் பலனைப் பங்கிட நம் ஊர்களிடம் இன்றும் வழக்கங்கள் இருக்கின்றன. அவற்றில் பரவலானது புளி மகசூல் ஏலம். சாலையோரப் புளியமரங்களும் கண்மாய்க்கரை, களத்துமேடு ஆகிய இடங்களில் நிற்கும் மரங்களும் காய்ப்புக் காலத்தில் ஏலம் விடப்படுகின்றன. குத்தகை எடுத்தவர் ஆள் வைத்து உலுக்கி, ஓடு உடைத்து, கொட்டை நீக்கி விற்கிறார். பணம் ஊராட்சிக்கோ துறைக்கோ போய்ச் சேர்கிறது. புளி பல மாதம் கெடாமல் இருக்கும்; எடை போட்டு விற்கலாம்; ஒரே பருவத்தில் மொத்தமாக இறக்கலாம். அதனால் ஏலம் அந்த மரத்துக்குப் பொருந்துகிறது. சுந்தர ராமசாமி 1966இல் வெளியிட்ட 'ஒரு புளியமரத்தின் கதை' நாவலில், ஊர் நடுவே நிற்கும் ஒரு மரத்தைச் சுற்றி வணிகமும் அரசியலும் பின்னிக்கொள்கின்றன. பொது மரத்துக்குப் பணமதிப்பு வந்துவிட்டால் அதைக் காப்பதற்கும் அழிப்பதற்கும் ஆள் வருவார்கள் என்பதை அந்த நாவல் படித்தவர்கள் அறிவார்கள்.

இரண்டாவது, மரப்பட்டா. வருவாய்த் துறை வழக்கில் இதை 2சி பட்டா என்பார்கள். புறம்போக்கில் நிற்கும் மரத்தின் பலனை மட்டும் ஒருவர் அனுபவிக்கத் தரும் உரிமை இது. நிலம் அரசுடையதாகவே இருக்கும். காயும் கனியும் பட்டாதாரருடையவை. மண்ணின் உரிமையையும் மரத்தின் உரிமையையும் பிரித்துப் பார்க்கும் இந்த ஏற்பாடு நுட்பமானது. நிலத்தைத் தனியார்வசம் விடாமலே, மரத்தைப் பராமரிப்பவருக்கு ஒரு பிடிமானம் தர முடியும் என்று அது காட்டுகிறது.

மூன்றாவது, மரத்தோடு நேரடித் தொடர்பில்லாத ஒரு வழக்கம். மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பகுதிகளில் கோடையில் கண்மாய் நீர் வற்றும்போது, குறித்த ஒரு நாளில் ஊர்ப் பெரியவர்கள் வெள்ளைத் துணி வீச, சுற்றுவட்டார மக்கள் எல்லோரும் இறங்கி மீன் பிடிப்பார்கள். இதை அழிகண்மாய் என்பார்கள். அந்த நாள் வரை யாரும் இறங்கக்கூடாது. அந்த நாளில் யாரையும் தடுக்கக்கூடாது. பொதுப் பொருளுக்குப் பூட்டும் திறப்பும் இரண்டுமே வேண்டும் என்ற புரிதல் இதில் இருக்கிறது. பழமரங்களைப் பற்றி யோசிக்கும்போது இந்த வழக்கம் பெரிதும் உதவுகிறது.

பொது நிலம் சுருங்கிய கதை

இத்தனை வழக்கம் இருந்தும் பொதுப் பழமரம் ஏன் அரிதாயிற்று? முதல் காரணம் நிலம். பொருளியலாளர் என். எஸ். ஜோதா தமிழ்நாடு உட்பட ஏழு மாநிலங்களின் வறண்ட பகுதிகளில் எண்பதுக்கு மேற்பட்ட கிராமங்களை ஆராய்ந்து 1986இல் எழுதினார். 1950களின் தொடக்கத்திலிருந்து 1980களின் தொடக்கத்துக்குள் அந்தக் கிராமங்களின் பொது நிலப் பரப்பு 31 முதல் 55 விழுக்காடு வரை குறைந்திருந்ததை அவர் கண்டார். மேய்ச்சல், விறகு, கிழங்கு, பழம் என்று அந்த நிலத்தை அதிகம் சார்ந்திருந்தவர்கள் ஏழைகள், இழப்பும் அவர்களுடையதாயிற்று. பொது நிலத்தை ஆக்கிரமித்தவர்களை அப்புறப்படுத்தி அதை ஊருக்கே மீட்டுத்தர வேண்டும் என்று ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2011இல்தான்.

இரண்டாவது காரணம் மரத்தின் தேர்வு. 1980களில் சுவீடன் நாட்டு உதவியோடு தமிழ்நாட்டில் நடந்த சமூகக் காடு வளர்ப்புத் திட்டம் கண்மாய்களின் நீர்ப்பிடிப்பில் கருவேலத்தைப் பெருமளவில் நட்டது. விறகுத் தேவைக்கு அது உதவியது. வெட்டி ஏலம் விட்டால் வருவாயும் வந்தது. ஆனால் வெட்டுவதற்காக வளர்க்கும் மரத்தோடு ஊர்மக்களுக்கு ஆண்டுதோறும் தொடரும் உறவு உண்டாவதில்லை. நட்ட நாளில் ஒரு வேலை, வெட்டும் நாளில் ஓர் ஏலம், இடையில் ஒன்றுமில்லை. எஞ்சிய புறம்போக்கைச் சீமைக்கருவேலம் பிடித்துக்கொண்டது. நான்குவழிச் சாலைகள் வந்தபோது பல தலைமுறை காய்த்த புளியமரங்களும் வெட்டுப்பட்டன. ஒரு புளியமரம் நூறாண்டைத் தாண்டியும் காய்க்கும். அதன் இடத்தில் நடப்படும் அலரிச் செடி யாருக்கும் ஒரு பிடி பழம் தராது.

பொது என்றால் அழிவுதானா?

பொதுச் சொத்தைப் பற்றிய அறிவுலக விவாதம் நம் ஊர்ச் சந்தேகத்தையே வேறு சொற்களில் பேசியது. கேரட் ஹார்டின் 1968இல் எழுதிய கட்டுரை, எல்லோருக்கும் திறந்துவிட்ட மேய்ச்சல் நிலம் அழிந்தே தீரும் என்றது. எலினார் ஆஸ்ட்ரம் 1990இல் வெளிவந்த தம் நூலில் ஸ்பெயின், சுவிட்சர்லாந்து, ஜப்பான், பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகளின் ஊர்களைக் காட்டி இதை மறுத்தார். உரியவர்கள் யார் என்ற வரையறை, ஊர் நிலைமைக்கேற்ற விதி, கண்காணிப்பு, சிறு பிழைக்குச் சிறு தண்டம், சச்சரவை உடனே தீர்க்க ஓர் இடம் ஆகியவை இருந்தால் பொதுச் சொத்து நூற்றாண்டுக் கணக்கில் நிலைக்கும் என்று அவர் நிறுவினார். 2009இல் அவருக்குப் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது.

நமக்குப் பக்கத்திலேயே சான்று உண்டு. ராபர்ட் வேட் ஆந்திரத்தின் கர்னூல் மாவட்டத்துக் கிராமங்களை ஆராய்ந்து 1988இல் ஒரு நூல் எழுதினார். அங்கே சில ஊர்கள் அறுவடைக்குப் பிந்தைய தாள் மேய்ச்சல் உரிமையை ஏலம் விட்டு ஊர்ப்பணம் சேர்த்தன. அந்தப் பணத்தில் வயல் காவலருக்குக் கூலி கொடுத்தன. தமிழ்நாட்டுக் கண்மாய்ப் பாசனத்தில் வயல்களுக்கு நீர் பாய்ச்சும் நீர்கட்டிக்கு ஊர் நெல் அளந்த முறையும் இத்தகையதே. எங்கே வேலைக்கு ஓர் ஆளும், ஆளுக்குக் கூலியும், கூலிக்கு ஒரு வருவாயும் இருந்தனவோ அங்கே பொது வேலை நடந்தது. தன்னார்வத்தை மட்டும் நம்பிய இடங்களில் முதல் கோடையோடு அது நின்றது.

பிற இடங்களின் பாடம்

இங்கிலாந்தின் டாட்மார்டன் என்ற சிறுநகரில் 2008இல் பாம் வார்ஹர்ஸ்ட் முதலியோர், ரயில் நிலையம், காவல் நிலையம், மருத்துவ மையம் என்று கண்ணில் படும் இடமெல்லாம் உண்ணத்தக்கவற்றை நட்டு, யாரும் பறிக்கலாம் என்று அறிவித்தார்கள். கீரை, மூலிகை, சிறு பழம் போன்றவை அங்கே முன்னின்றன. ஒருவர் ஒரு கைப்பிடி பறித்தால் மற்றவருக்கு நட்டமில்லாத பயிர்கள் இவை. ஜெர்மனியின் ஆண்டர்நாக் நகரம் 2010இல் இதையே நகராட்சியின் வேலையாக எடுத்துக்கொண்டது. நெடுநாள் வேலையில்லாமல் இருந்தவர்களைத் தோட்டக்காரர் ஒருவரின் கீழ் பராமரிப்பில் அமர்த்தியது. பறிப்பது எல்லோருக்கும் இலவசம். பராமரிப்பு முறையான வேலை. இந்தப் பிரிவினையே அதன் பலம்.

கனடாவின் டொராண்டோ நகரில் 2008இல் தொடங்கிய ஓர் அமைப்பு, வீட்டுத் தோட்டங்களில் பறிக்க ஆளில்லாமல் உதிரும் பழங்களை இறக்கி மூன்று பங்காக்குகிறது. மரத்துக்காரருக்கு ஒரு பங்கு, பறித்தவர்களுக்கு ஒரு பங்கு, ஏழைகளுக்கு உணவு தரும் அமைப்புகளுக்கு ஒரு பங்கு. ஜெர்மனியின் பல ஊர்களில், யாரும் பறித்துக்கொள்ளலாம் என்று உரியவர் விரும்பும் மரத்தில் மஞ்சள் துணி கட்டுகிறார்கள். துணி இல்லாத மரத்தைத் தொடக்கூடாது. படிக்கத் தெரியாதவருக்கும் புரியும் விதி அது.

இந்தியாவில் பெயர்பெற்றது ராஜஸ்தானின் ராஜ்சமந்த் மாவட்டத்து பிப்லாந்திரி. பளிங்குச் சுரங்கங்கள் சூழ்ந்து நிலத்தடி நீர் இறங்கிய ஊர் அது. ஊராட்சித் தலைவராக இருந்த ஷியாம் சுந்தர் பாலிவாலின் முயற்சியில், 2006க்குப் பிறகு, ஒவ்வொரு பெண் குழந்தை பிறக்கும்போதும் 111 மரக்கன்றுகள் பொது நிலத்தில் நடப்படுகின்றன. மா, நெல்லி போன்றவையும் அவற்றில் உண்டு. பெற்றோர் அந்த மரங்களைக் காப்பதாக எழுத்தில் உறுதி தருகிறார்கள். குழந்தையின் பெயரில் வங்கியில் பணம் போடப்படுகிறது. கன்றுகளைச் சுற்றிச் சோற்றுக் கற்றாழை நட்டார்கள். அது கரையானிடமிருந்து காப்பாக இருந்ததோடு பெண்களுக்கு ஒரு வருவாய்ப் பொருளும் ஆயிற்று. நட்ட நாளன்றே ஒவ்வொரு கன்றுக்கும் பொறுப்பாளர் இருந்தார் என்பதே அந்த ஊரின் வெற்றிக்கு அடிப்படை.

பழத்துக்கேற்ற பாத்தியதை

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது, எல்லாப் பழத்துக்கும் ஒரே விதி வைப்பதுதான் சண்டைக்கு வேர் என்று தோன்றுகிறது. எல்லோருக்கும் பொது என்று விட்ட மாமரத்தில் ஒரு காயும் பழுக்காது. தான் விட்டால் அடுத்தவர் பறித்துவிடுவார் என்று பிஞ்சிலேயே கல்லெறிவார்கள். அதே இடத்தில் நாவல் நின்றால் இந்தச் சிக்கல் குறைவு. நாவற்காயை யாரும் பறிப்பதில்லை. பழுத்தது தானே உதிரும். ஒருவரே அள்ளிச் சேர்த்து வைக்கவும் முடியாது. ஆகவே உரிமையைப் பழத்தின் தன்மையே தீர்மானிக்கட்டும்.

நாவல், இலந்தை, கொடுக்காப்புளி, அத்தி போன்ற சிறு பழ மரங்களின் பலன் எல்லோருக்கும், குறிப்பாகப் பிள்ளைகளுக்கு. இவற்றுக்குக் காவலும் கணக்கும் வேண்டாம். பள்ளிப் பக்கமும் விளையாட்டுத் திடல் ஓரமும் பேருந்து நிறுத்தத்திலும் இவை நிற்கலாம்.

மா, பலா, கொய்யா, சீத்தா போன்றவை ஒரு பொறுப்பின் கீழ் இருக்க வேண்டும். அங்கன்வாடி, பள்ளிச் சத்துணவுக்கூடம், ஆரம்ப சுகாதார நிலையம், மகளிர் குழு என்று ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் உரியவரை எழுதிவைக்கலாம். தெருவாரியாக முறை வைப்பதும் உண்டு. அறுவடையை ஒரு நாள் குறித்து ஊரறியச் செய்து, பறித்ததை அங்கேயே பங்கிட்டால் மனக்கசப்பு வராது. அழிகண்மாயில் பழகிய ஒழுங்கு இங்கே கைகொடுக்கும். கொய்யாவிலும் நெல்லியிலும் உள்ள வைட்டமின் சி, தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேர்க்க உதவுகிறது. ஆகவே அங்கன்வாடி வாசலில் ஒரு கொய்யா நிற்பதற்கு மருத்துவக் காரணமும் இருக்கிறது.

புளி, தென்னை, இலுப்பை போன்று கெடாத, எடைபோட்டு விற்கும் பலன் தருபவற்றை ஏலத்துக்கு விடலாம். ஆனால் அந்தப் பணம் ஊராட்சியின் பொதுக் கணக்கில் கரையக்கூடாது. மற்ற மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றுபவரின் கூலியாக அது திரும்ப வேண்டும். பத்துப் புளியமரத்தின் ஏலப்பணம் ஊரின் மற்றப் பழமரங்களைக் காக்கும் ஏற்பாடு அமைந்தால், அரசு நிதி நின்ற பிறகும் வேலை நடக்கும். ஆளில்லாத ஓரப் புறம்போக்கில் நெல்லியும் பனையும் வைக்க நிலமற்ற குடும்பங்களுக்கு மரப்பட்டா கொடுப்பதும் பரிசீலிக்கத்தக்கது.

நடவும் தண்ணீரும்

தொழில்நுட்பம் குறித்துச் சுருக்கமாகச் சொன்னால் போதும். மாவுக்கும் பலாவுக்கும் மூன்றடிக் குழி, எட்டு முதல் பத்து மீட்டர் இடைவெளி. கொய்யாவுக்கும் நெல்லிக்கும் ஐந்தாறு மீட்டர். சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்று என்று நெருக்கி நடும் மியாவாக்கி முறை பழமரத்துக்கு ஏற்றதன்று. கிளை விரிய இடமில்லாத மரம் காய்க்காது. முன்காய்ப்பையும் பின்காய்ப்பையும் கலந்து நடுவது அவசியம். ஒட்டுக் கொய்யா இரண்டு மூன்று ஆண்டிலும் ஒட்டு மா நான்கைந்து ஆண்டிலும் பலன் தரும். விதையில் வந்த புளிக்கும் நாவலுக்கும் எட்டுப் பத்து ஆண்டு ஆகும். பனைக்கு அதைவிட அதிகம். முதல் கொய்யாப் பழத்தைக் கண்ட ஊர்தான் புளி காய்க்கும் வரை பொறுத்திருக்கும்.

பருவத்தையும் கணக்கில் கொள்ளலாம். தை மாசியில் இலந்தை, மாசி பங்குனியில் புளி, சித்திரையில் நுங்கும் கொடுக்காப்புளியும், வைகாசியில் மாவும் பலாவும், ஆனி ஆடியில் நாவல், ஆவணியிலிருந்து விளாவும் சீத்தாவும் என்று அமைத்தால், ஆண்டின் பெரும்பகுதியில் ஊரில் ஏதோ ஒரு மரம் பலனோடு நிற்கும். பல இனம் கலந்து நடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயலில் டெல்டாவிலும் புதுக்கோட்டையிலும் தென்னையும் பலாவும் மாவும் பெருவாரியாகச் சாய்ந்தன. பனை நின்றது.

முதல் மூன்று கோடைதான் கன்றின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. வேரோரம் மண்பானை புதைத்து நீர் நிரப்பும் முறை குறைந்த தண்ணீரில் கன்றைக் காக்கும். கருவேல முள் வேலி ஆட்டைத் தடுக்கும். ஆண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். ஒருவரால் உறுதியாகப் பார்க்கக்கூடிய எண்ணிக்கைக்கு மேல் நடுவது வீண். ஐம்பது கன்று நட்டு நாற்பத்தைந்தை மரமாக்கும் ஊர், ஆயிரம் நட்டுப் படமெடுத்துக்கொள்ளும் ஊரைவிடப் பெரிய வேலை செய்திருக்கிறது.

எல்லோரும் வரக்கூடிய இடம்

இறுதியாக, பேசாமல் விடமுடியாத ஒன்று. 'ஊர்ப் பொது' என்று நாம் சொல்லும் இடங்கள் பலவும் எல்லோருக்கும் பொதுவாக இருந்ததில்லை. கோயில் தோப்பிலும் ஊர் மந்தையிலும் சேரி மக்கள் கால் வைக்க முடியாத காலம் நெடியது. சில ஊர்களில் அது முடிந்துவிடவும் இல்லை. அத்தகைய இடத்தில் நட்ட மரம், ஏற்கெனவே இருப்பவர்களுக்கே இன்னொரு சொத்தாகும். ஏலமும் அப்படித்தான்: முன்பணம் கட்ட வல்லவர் நான்கைந்து பேர் தமக்குள் பேசி முடித்துக்கொண்டால் ஏழைக்கு அங்கே இடமில்லை. ஆகவே முதல் மரங்களை நியாயவிலைக் கடை, அங்கன்வாடி, அரசுப் பள்ளி, சுகாதார நிலையம் போன்று எல்லாத் தெருக்காரரும் தயங்காமல் வரும் இடத்தில் நட வேண்டும். பராமரிப்புக் குழுவில் எல்லாத் தெருவுக்கும் பெண்களுக்கும் இடம் இருக்க வேண்டும். சிறு மரங்களை மகளிர் குழுக்களுக்கே ஏலமின்றித் தரலாம்.

இதற்கெல்லாம் புதிய சட்டம் வேண்டியதில்லை. கிராமசபை இருக்கிறது. அக்டோபர் 2 கிராமசபை வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் வருகிறது. எந்த இடத்தில் எந்த மரம், தண்ணீர் ஊற்றுபவர் யார், அவருக்குக் கூலி எதிலிருந்து, பலன் யாருக்கு என்ற நான்கையும் அன்று தீர்மானமாக எழுதலாம். புளி இறக்கி முடிந்தபின் வரும் மே 1 கிராமசபையில் வரவு செலவையும் உயிரோடு இருக்கும் கன்றுகளின் எண்ணிக்கையையும் வாசிக்கலாம். கணக்குக் காட்டாதவரைப் பொறுப்பிலிருந்து நீக்கலாம். உங்கள் ஊரின் அடுத்த கிராமசபைக்குப் போகும்போது இந்த நான்கு கேள்விகளையும் கையோடு கொண்டுபோங்கள். விடை எழுதிக் கையெழுத்தான பிறகு குழி தோண்டுங்கள்.